வெயிலால் வரும் விரிசலுக்கு யார் பொறுப்பு?

கோடை உச்சத்துக்கு வரும்போது மேல்மாடி வீடுகளில் ஒரு விரிசல் தலைகாட்டும். கூரைத் தளமும் சுவரும் சேரும் இடத்தில், அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் படுக்கையாக ஓடும். கட்டிக் கொடுத்தவரைக் கேட்டால், "வெறும் ஏர் கிராக் சார், வெயிலுக்கு வரத்தான் செய்யும். பட்டி பார்த்துப் பெயின்ட் அடிச்சிடுங்க" என்பார். வெயிலால் வருவது உண்மை. அதனால் யாருக்கும் பொறுப்பில்லை என்பது உண்மையில்லை.

கான்கிரீட் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 10 மீட்டர் நீளத் தளத்தின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் ஏறினால், அது சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். செங்கல் சுவர் ஏறக்குறைய அதில் பாதிதான் நீளும். உச்சிவெயில் முழுவதும் தளத்தின் மேல் விழுவதால் சுவர் அந்த அளவுக்குச் சூடேறுவதும் இல்லை. தளம் நகர்கிறது, சுவர் நிற்கிறது, இடையில் இருக்கும் பூச்சு பிளக்கிறது. இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் விரிவதால்தான் ஆர்.சி.சி. கட்டுமானமே சாத்தியமாகிறது. செங்கல்லோடு கான்கிரீட்டுக்கு அந்தப் பொருத்தம் கிடையாது.

பொறியாளர்கள் எல்லோருக்கும் இது தெரியும். 45 மீட்டருக்கு மேல் நீளும் கட்டடங்களுக்கு விரிவு இணைப்பு வைக்கும்படி ஐ.எஸ். 456 தர விதி சொல்கிறது. சிறிய வீட்டுக்கும் வழி உண்டு. மொட்டை மாடியில் சுருக்கி போட்டு ஓடு பதிக்கலாம், வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். தளம் சுவர்மேல் உட்காரும் இடத்தில் நழுவ வசதி செய்யலாம். தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில், பூசுவதற்கு முன் கோழி வலை அடிக்கலாம். பல லட்சம் வாங்கிக்கொண்டு அந்த வலையில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

எல்லா விரிசலும் வெயிலால் வருவதில்லை. தரைத்தளச் சுவரில் படிக்கட்டுபோல் சாய்வாக ஏறினால், அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். பீமிலோ தூணிலோ கம்பியின் போக்கில் நீளமாகப் பிளந்து துருக்கறை தெரிந்தால், உள்ளே கம்பி அரிக்கிறது. இவ்விரண்டுக்கும் காத்திருக்கக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளரை உடனே அழையுங்கள்.

படுக்கை விரிசலில் முதலில் செய்யக் கூடாதது, அவசரப்பட்டுப் பட்டி பார்ப்பது. சாட்சி அழிந்துவிடும். நகர்கிற விரிசலில் சிமென்ட் அடைத்தால் அடுத்த கோடையில் மறுபடி பிளக்கவும் செய்யும். நெகிழும் தன்மையுள்ள சீலன்ட்தான் தாங்கும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, விடியற்காலையிலும் பிற்பகலிலும் படம் எடுங்கள். அகலம் மாறினால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

வீட்டை அடுக்குமாடித் திட்டத்தில் வாங்கியிருந்தால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, துணைக்கு வரும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், கட்டுநர் 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது பிரிவு 14(3). தவறினால் இழப்பீடு கேட்கலாம். ஒப்பந்தத்தில் "ஓராண்டு மட்டும்" என்று எழுதியிருக்கிறதே என்று பின்வாங்காதீர்கள். அந்த ஒரு வரி சட்டம் தரும் உரிமையைப் பறிக்காது. நீங்களே சுவரை இடித்து மாற்றியிருந்தாலோ மாடி ஓட்டைப் பெயர்த்திருந்தாலோ மட்டும் வழக்கு பலவீனப்படும்.

வாயால் மட்டும் சொன்னால் போதாது. படங்களை இணைத்து மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். 30 நாள் கழிந்தும் பதில் இல்லையென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். இழப்பீடு மட்டும் கேட்பதென்றால் அங்குள்ள தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் மனு செய்ய வேண்டும்.

சொந்த மனையில் மேஸ்திரியையோ ஒப்பந்ததாரரையோ வைத்துக் கட்டியவர்களுக்கு ரெரா பொருந்தாது. அவர்கள் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; வழக்குக்குக் காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுதான் கெடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேசும் முன் ஒப்பந்தம், பணம் கொடுத்த ரசீதுகள், சாவி வாங்கிய தேதிக்கான சான்று ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.