சாவி எங்கே போயிற்று?

ஆரணி, வந்தவாசி வட்டாரத்துப் பட்டு நெசவாளர் வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா தறியில் நெய்கிறார். அம்மா தார் சுற்றுகிறார். அண்ணன் பாவில் அறுந்த இழைகளைப் பிணைக்கிறார். விலை உயர்ந்த ஜரிகையும் அதன் கணக்கு நோட்டும் பீரோவில் இருக்கின்றன. பீரோவுக்கு ஒரே சாவி. வேண்டியவர் அதை ஆணியிலிருந்து எடுப்பார். வேலை முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுவார். ஆணியில் சாவி இல்லையென்றால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

கணிப்பொறியிலும் இப்படித்தான். இயங்கிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் 'பிராசஸ்' என்பார்கள். அதுதான் வீடு. அதற்குள் ஒரே காலத்தில் பல வேலைகளைச் செய்பவை 'த்ரெட்'கள். நெசவாளருக்குப் பழகிய சொல்தான். இழை என்று பொருள். எல்லா இழைகளுக்கும் நினைவகம் பொது. இரண்டு இழைகள் ஒரே தகவலை ஒரே சமயத்தில் மாற்றிக் கெடுத்துவிடாமல் காப்பவை பூட்டுகள்.

இப்போது ஒரு மந்திரம். அப்பா ஒரு சொல் சொன்னதும் அதே போன்ற இன்னொரு வீடு பக்கத்தில் முளைக்கிறது! தறி, பீரோ, நோட்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஆட்களில், மந்திரம் சொன்ன அப்பா மட்டுமே புது வீட்டில் இருக்கிறார். அந்த நொடியில் சாவி அம்மாவின் இடுப்பில் இருந்திருந்தால்? புது வீட்டில் பீரோ பூட்டியிருக்கிறது. திறக்க வேண்டிய அம்மாவோ அங்கே இல்லை. அப்பா காத்திருப்பார், காத்திருப்பார், காத்துக்கொண்டே இருப்பார்.

இந்த மந்திரத்தின் பெயர் 'ஃபோர்க்'. கிளை இரண்டாகப் பிரியும் கவை என்று கொள்ளலாம். மெல்வின் கான்வே 1963-இல் இக்கருத்தை ஒரு கட்டுரையில் விளக்கினார். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதை எடுத்துக்கொண்டனர். பிடிபி-7 என்ற சிறு கணிப்பொறியில் ஃபோர்க்குக்கு 27 வரிகளே தேவைப்பட்டன. அன்று ஒரு வீட்டில் ஒருவரே வேலை செய்தார். ஆகவே தொல்லை எழவில்லை. 1995-இல் 'போசிக்ஸ்' தரத்தில் இழைகளுக்கான விதிகள் சேர்க்கப்பட்டபோது, ஃபோர்க்கை அழைத்த இழை மட்டுமே நகலாகும் என்று வகுத்தார்கள்.

எல்லா இழைகளையும் நகலெடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஓர் இழை வலைத்தொடர்பில் பணம் செலுத்தும் செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தால், நகலும் அதையே அனுப்பக்கூடும். பணம் இரண்டு முறை போய்விடும்!

புது வீட்டில் பூட்டை உடைத்துவிட்டால் போதாதா? போதாது. அம்மா நோட்டில் 'கொடுத்தது' என்று எழுதி, 'மீதி' எழுதுவதற்குள் வீடு நகலாகியிருக்கலாம். உள்ளே இருப்பது பாதிக் கணக்கு. அதை நம்பி நெய்தால் பிழைதான் வரும்.

வலைத்தொடர்புப் புரோகிராம்களில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, திறந்திருக்கும் தொடர்புகள் இரு வீட்டுக்கும் பொதுவாகிவிடும். ஒரே தபால் பெட்டியிலிருந்து இருவர் கடிதம் எடுப்பது போல, ஒருவர் எடுத்தது மற்றவருக்குக் கிடைக்காது. இரண்டாவது, ரகசியக் குறியீட்டுக்கான தற்செயல் எண்களை உருவாக்கும் பகுதியும் நகலாகும். அதைப் புதுப்பிக்காவிட்டால் இரு வீடுகளும் ஒரே 'ரகசிய' எண்களைச் சொல்லும். புகழ்பெற்ற ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.1.1 பதிப்பில் இதற்கென வைத்த காப்பு, வழக்கமான அமைப்பில் செயல்படவில்லை என்பது தெரிந்து 2019-இல் திருத்தப்பட்டது.

பரிகாரம் என்ன? மூன்று கட்டங்கள். முதலில், மந்திரம் சொல்வதற்கு முன்பே எல்லாச் சாவிகளையும் சொல்பவரே வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது எந்தக் கணக்கும் பாதியில் நிற்காது. பிறகு, பழைய வீட்டில் சாவிகளை ஆணியில் மாட்டி வேலையைத் தொடர வேண்டும். புது வீட்டிலோ சாவிகளை மாட்டியதோடு நிற்காமல், தேவையற்ற தொடர்புகளை மூடி, தபால் பெட்டியையும் புதிதாக வைக்க வேண்டும். கிறிஸ்டோபர் கோல்ஹோஃப் எழுதிய பூஸ்ட் ஏசியோ என்னும் வலைத்தொடர்பு நூலகத்தில் 2011 முதல் இம்மூன்று கட்டங்களுக்கும் தனித்தனி அறிவிப்பு உண்டு. நூலகம் என்றால் புத்தகசாலை அல்ல. பிறர் எடுத்துப் பயன்படுத்த ஆயத்தமாக எழுதி வைத்த புரோகிராம் பகுதிகளின் தொகுப்பு.

இன்னொரு வழியும் உண்டு: இழைகள் பிறக்கும் முன்பே நகலெடுத்துவிடுவது. லினக்ஸில் துணைப் பிராசஸ்களை உருவாக்க நேரடி ஃபோர்க்கையே இயல்பு வழியாக வைத்திருந்த பைத்தான் மொழி, 2025-இல் வந்த 3.14 பதிப்பில் அதைக் கைவிட்டது. இழைகள் இல்லாத தனிப் பிராசஸ் ஒன்றை முதலிலேயே ஒதுக்கி, அதையே நகலெடுக்கிறது.

இத்தகைய பிழை ஆயிரம் முறை தலைகாட்டாமல் இருந்துவிட்டு, ஆயிரத்தோராம் முறை புரோகிராமை ஓசையின்றி நிறுத்திவிடும். மந்திரம் சொன்ன நொடியில் சாவி யார் கையில் இருந்தது என்பதுதான் காரணம். எனவே சோதித்துப் பார்த்து நன்றாக ஓடியது என்பது மட்டும் போதாது. புரோகிராம் எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த நொடியில் எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது?