கருப்பு முடியை ப்ளாண்ட் ஆக்கலாம். ஆனா 'அண்டூ' கிடையாது

இந்த எபிசோடை தென்காசியில எங்க வீட்டு மாடியறையில உட்கார்ந்து பேசுறேன். வெளிய சாரல். தகரக் கூரைச் சத்தம் நடுநடுவே கேட்டா பொறுத்துக்கோங்க.

உங்கள்ல நிறைய பேர் கேட்ட கேள்விதான் இன்னைக்கு: நம்ம கருகரு முடியை முதல் தடவையா ப்ளாண்ட் ஆக்கணும்னா என்ன செய்யணும்? நான் இதைச் சரியா செஞ்சவன் இல்லை. கெடுத்துட்டு, அப்புறம் ஏன் கெட்டுச்சுன்னு தேடிப் படிச்சவன். அதனால தப்புல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் ஜூலை. குற்றாலத்துல சீசன் களைகட்டியிருந்துச்சு. ஆபீஸ் நண்பர்கள் வர்றதா பிளான். அவங்க முன்னாடி புது லுக்ல நிக்கணும்னு ஆசை. ரெண்டு நாள் முன்னாடி ஹேர் ப்ளீச் பவுடரும் டெவலப்பரும் வாங்கி, வீட்டுலேயே கலக்கி, தலை முழுக்க அப்பிட்டேன். பத்தாவது நிமிஷம் உச்சந்தலை எரிய ஆரம்பிச்சது. எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு நானே முடிவு பண்ணி, இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கழுவிப் பார்த்தா வேர்கிட்ட மஞ்சள், நடுவுல ஆரஞ்சு, நுனியில பழைய கருப்பு. உச்சந்தலையில கொப்புளம்.

அம்மா ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "ஏல, சின்னப் பிள்ளையில செம்பட்டையா திரிஞ்சவனை எண்ணெய் தேச்சுத் தேச்சு கருப்பாக்குனேன். நீ காசு குடுத்து மறுபடியும் செம்பட்டையாக்கிட்டு வந்து நிக்கியே!"

புண் ஆறும் வரை அருவியில தலை நனைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வெள்ளம் வந்தா பேரருவியில எல்லாருக்கும் தடை போடுவாங்க. அந்த வாரம் தண்ணி அளவாத்தான் விழுந்துச்சு. எனக்கு மட்டும் தடை. நண்பர்கள் ஐந்தருவியில ஆட்டம் போட, நான் தொப்பியோட அவங்க துணிமணிக்குக் காவல் இருந்தேன்.

சேர்க்கிறது இல்லை, எடுக்கிறது

நான் புரிஞ்சுக்காத அடிப்படை இதுதான். கருப்பு டை அடிக்கும்போது முடியில நிறத்தைச் சேர்க்கிறோம். ப்ளாண்ட் ஆக்கும்போது இருக்கிற நிறத்தை எடுக்கிறோம்.

முடிக்கு வெளியே செதில் செதிலா ஒரு உறை இருக்கு. பேரு க்யூட்டிகிள். அதுக்கு உள்ள இருக்கிற கார்டெக்ஸ்லதான் நிறம் தர்ற மெலனின் இருக்கு. ப்ளீச் கலவை காரத்தன்மை உள்ளது. அது முடியை உப்ப வச்சு செதில்களைத் திறக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் பெர்சல்ஃபேட் உப்புகளும் உள்ள போய் மெலனினை ஆக்சிஜனேற்றம் செஞ்சு சிதைக்கும்.

மெலனின்ல ரெண்டு வகை. கருப்பும் பழுப்பும் தர்றது யூமெலனின். செம்மையும் மஞ்சளும் தர்றது ஃபியோமெலனின். முதல் வகை சுலபமா உடையும். ரெண்டாவது பிடிவாதமா நிக்கும். அதனாலதான் கருப்பு முடி நேரா பொன்னிறம் ஆகாம பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு படிப்படியா போகுது. சலூன்ல இதை 1 முதல் 10 வரை எண் வச்சு சொல்வாங்க. நம்ம முடி 1 அல்லது 2. ப்ளாண்ட்ங்கிறது 8-க்கு மேல. ஒரே நாள்ல அவ்வளவு படி ஏற நினைச்சா முடி தாங்காது. சில வாரம் இடைவெளி விட்டு ரெண்டு, மூணு தடவையா செய்றதுதான் முறை. கடைசியில மிஞ்சுற மஞ்சளை ஊதா டோனர் அடக்கும். ஆரஞ்சை நீலம் அடக்கும். டோனர் நாளாக ஆகக் கழுவிப் போயிடும், திரும்பப் போடணும்.

இன்னொரு விஷயம். பெராக்சைடு மெலனினோட நிக்காது. கெரட்டின் புரதத்தைச் சேர்த்துப் பிடிக்கிற கந்தகப் பிணைப்புகளையும் உடைக்கும். கண்டிஷனர் மேலே வழவழப்பு தரும், அவ்வளவுதான். மெலனின் திரும்ப வராது. மாசம் சுமார் 1 செ.மீ. வளர்ற புது முடிதான் ஒரே ரோல்பேக்.

என் மூணு பக்

ஒண்ணு, நான் வாங்கினது 40 வால்யூம் டெவலப்பர். அதாவது 12 சதவீத பெராக்சைடு. 20 வால்யூம்னா 6, 30-ன்னா 9. வேகம் கூடினா காயமும் கூடும். தலைத்தோல்ல படுற மாதிரி போடும்போது 20 வால்யூமே போதும். மெதுவா வேலை செய்யும். சுள்ளுன்னு எரிஞ்சா மணி பார்க்காதீங்க, உடனே நிறைய தண்ணி விட்டுக் கழுவுங்க.

ரெண்டு, வேர்ல இருந்து ஆரம்பிச்சேன். தலைச்சூட்டுல வேர்ப்பகுதி சீக்கிரம் வெளுக்கும். முதல்ல நடுப்பகுதி, நுனி, வேர் கடைசியில.

மூணு, ஆறு மாசம் முன்னாடி போட்ட கருப்பு மெஹந்தி பாக்கெட்டை மறந்தே போயிட்டேன். மருதாணி நிறம் கெரட்டினோட ஒட்டிக்கும், லேசில வராது. கருப்பு மெஹந்தியில பல சமயம் பிபிடிங்கிற சாயமும் இருக்கும். சில பொடிகள்ல உலோக உப்பு இருந்தா பெராக்சைடு பட்டு முடி சூடாகி அறுந்தே போகலாம். புரொடக்‌ஷன்ல போடுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ற நான், தலைக்கு மட்டும் டெஸ்ட் பண்ணலை. பின்கழுத்துல மறைவா ஒரு சின்னக் கத்தையில போட்டுப் பார்த்திருந்தா எல்லாம் தெரிஞ்சிருக்கும்.

அதோட, 48 மணி நேரம் முன்னாடியே அலர்ஜி டெஸ்ட் செய்யுங்க. பாக்கெட்ல எப்படின்னு போட்டிருக்கும். ஆஸ்துமா இருந்தா பெர்சல்ஃபேட் தூசி ஆகாது, டாக்டர்கிட்ட கேளுங்க. உலோகக் கிண்ணம் வேண்டாம். மிச்சக் கலவையை மூடி வைக்காதீங்க, வாயு சேர்ந்து வெடிக்கலாம். ஒரு நண்பன் கேட்டதால சொல்றேன்: சாக்கடையில தூவுற ப்ளீச்சிங் பவுடர் இது இல்லவே இல்லை!

அம்மாவோட எண்ணெய்

அம்மா 'செம்பட்டை'ன்னு பதறினதுக்கும் காரணம் உண்டு. குழந்தைங்களுக்குப் புரதச்சத்து ரொம்பக் குறைஞ்சா முடி செம்பட்டையாகும். எண்ணெய்ங்கிறது அவங்களுக்கு அந்தப் பயத்துக்கு மருந்து. தேங்காய் எண்ணெய் நிறத்தை மாத்தாது. ஆனா முடிக்குள்ள ஊடுருவி, புரதம் வெளியேறுறதைக் குறைக்குதுன்னு 2003-ல இந்திய ஆய்வாளர்கள் காட்டினாங்க. ப்ளீச் பண்ணின முடிக்கும் அந்தப் பலன் உண்டு.

அதே நேரம், கருத்த தோலுக்குப் பொன்னிற முடி ஒட்டாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சாலமன் தீவுகள்ல கருத்த தோலோட இயற்கையாவே பொன்னிற முடி உள்ளவங்க இருக்காங்க. அங்க அதுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2012-ல கண்டுபிடிச்சாங்க. ஆசைப்படுறதுல தப்பே இல்லை. என் தப்பு, ஒரே ராத்திரியில ஆசைப்பட்டது.

இப்போ என் முடி முக்கால்வாசி கருப்பு, நுனியில மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு. நாளைக்குக் காலையில பழைய குற்றாலம் போறேன், தொப்பி இல்லாம. அம்மாவும் வர்றாங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே!