எண்ணெயைக் குறைத்தால் மட்டும் போதுமா?

"எண்ணெயைக் குறைத்துவிட்டேன், கொழுப்பு ஏன் குறையவில்லை?" சர்க்கரை நோயுள்ள விவசாயிகள் பலர் கேட்கும் கேள்வி இது.

கடலை, எள், தேங்காய் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரும்பாலும் ஏறுவது டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு. தேவைக்கு மேல் உண்ணும் சோற்றையும் இனிப்பையும் கல்லீரல் இப்படிக் கொழுப்பாக்குகிறது. மதுவும் இதைக் கூட்டும். சாமை, தினையும் மாவுச்சத்துதான், அளவு தேவை.

எண்ணெயை அளவோடு வைத்து, இரண்டாம் முறை போடும் சோற்றுக்குப் பதிலாக வரப்பில் விளையும் தட்டைப்பயறு, கொல்லைக் கீரை சேருங்கள். மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே சோற்றைக் குறையுங்கள். இல்லையேல் சர்க்கரை தாழ்ந்து வயலில் மயக்கம் வரலாம்.

இவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். ஆண்டுக்கொரு முறை கொழுப்புப் பரிசோதனை செய்யுங்கள். டிரைகிளிசரைடு 150-க்குள் இருப்பது நல்லது.