புதிய சட்டகம்

பனைமரத்தில் மோதிக் கையொடிந்த தன் பந்தய ட்ரோனின் உறுப்புகளைப் புதிய சட்டகத்தில் பொருத்தி, இராமநாதபுரத்து மாணவன் ஒருவன் என்னிடம் கொண்டுவந்தான். "எல்லாம் பழைய உறுப்புகளே, ஐயா, உடனே பறக்கும்" என்றான். முதலில் விசிறிகளைக் கழற்றச் சொன்னேன்.

ட்ரோனின் நான்கு மோட்டார்களில் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழலும். அதனால் உடல் தானே சுழலாது நிற்கும். கட்டுப்பாட்டுப் பலகையிலுள்ள உணரி சாய்வை அறிந்து அவற்றின் வேகத்தைத் திருத்தும். ஆகவே, பலகையின் அம்புக்குறி முன்புறம் நோக்க வேண்டும்.

கருவியைக் கணினியுடன் இணைத்துக் கையால் முன்னே சாய்த்தோம். திரையிலிருந்த படமோ பக்கவாட்டில் சாய்ந்தது! புதிய சட்டகத்தில் பலகை கால்வட்டம் திரும்பியிருந்தது. பறக்கவிட்டிருந்தால், தவறான மோட்டார் விரைந்து, கருவி கணத்தில் குப்புறக் கவிழ்ந்திருக்கும். அருகிலிருந்த விரல்களும் தப்பியிருக்கமாட்டா.

பலகையைத் திருப்பினோம். கரியிழைச் சட்டகம் மின்சாரத்தைக் கடத்துமாதலால், கம்பிகள் உரசுமிடங்களில் காப்பு நாடா சுற்றினோம்.

உச்சிப்புளியில் 2009 முதல் 'ஐ.என்.எஸ். பருந்து' என்னும் கடற்படை விமானத்தளம் இயங்குகிறது. ஆகவே, 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அமைந்த வான்வெளி வரைபடத்தைப் பார்த்த பின்னரே பறக்கவிடுமாறு அவனுக்குச் சொன்னேன்.

உறுப்பு பழையதாயினும், இருக்கை மாறினால் புதியதாகவே கருதிச் சோதித்தல் வேண்டும்.