கோழியின் வாலடிப் பை

ஒரகடம் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருபவரின் பிரியாணியில் கிடக்கும் கறிக்கோழிக்கு வயது ஏறக்குறைய 6 வாரம். பொரிக்கையில் 40 கிராம், விற்கையில் 2 கிலோ. இந்த வேகத்தில் சதை வைக்கும் பறவை நோயை எதைக் கொண்டு தாங்குகிறது?

முதல் சில நாட்களுக்குத் தாய்க்கோழி கொடுத்த சீதனம்தான். தாயின் எதிர்ப்பொருள் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு வருகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அது தீர்ந்துவிடும். அதற்குள் குஞ்சின் உடம்பே அதைச் சுரக்கப் பழக வேண்டும். அதற்கான செல்கள் முதிர்வது, எச்சத்துவாரத்துக்குச் சற்று மேலே முதுகுப்புறம் ஒட்டியிருக்கும் ஒரு சின்னப் பையில்.

இத்தாலியின் பதுவா நகரத்து உடற்கூறியலாளர் ஃபேப்ரீசியஸ் அதை விவரித்த நூல், அவர் இறந்த பிறகு 1621இல் வெளிவந்தது. அது விந்தைச் சேமிக்கும் பை என்று அவர் நினைத்திருந்தார். அதற்குப் பிறகும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதன் வேலை பிடிபடவில்லை. 1950களில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் குஞ்சுகளின் பையை அறுத்து எடுத்துப் பார்த்தார். எந்த மாற்றமும் தெரியவில்லை. சக மாணவர் டிமோத்தி சாங்குக்கு வகுப்பில் செய்து காட்டக் கோழிகள் தேவைப்பட்டன. கிளிக்கின் கோழிகளை வாங்கி சால்மோனெல்லா ஊசி போட்டார். உண்டாக வேண்டிய எதிர்ப்பொருளைக் காணோம்! விசாரித்தால், அவை பை நீக்கப்பட்ட கோழிகள். கட்டுரையை ‘சயின்ஸ்’ இதழ் திருப்பி அனுப்ப, 1956இல் ‘பவுல்ட்ரி சயின்ஸ்’ வெளியிட்டது. மனித உடம்பில் எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களைப் பற்றிய அறிவுக்கு வழி திறந்தது இந்தக் கோழிகள்தான்.

பண்ணைக்காரர்கள் அஞ்சும் கம்போரோ வைரஸ் குறிவைப்பதும் இதே பையைத்தான். 1962இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் அடையாளம் கண்ட நோய் இது. 3 முதல் 6 வாரக் குஞ்சுகளில் பை வீங்கி, மேலே மஞ்சள் கூழ் படிந்து, பிறகு சுருங்கிப்போகும். பிழைத்த குஞ்சுக்கு அடுத்து வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்குக் கொடுக்கும் தடுப்பு மருந்தும் சரியாக வேலை செய்யாது. அந்தத் தடுப்பு மருந்தைத் தயாரிக்கும் அரசு நிறுவனம் தூரத்தில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்குகிறது.

ஆகவே தடுப்பு மருந்தில் எல்லாம் நாள் கணக்கில் இருக்கிறது. பொதுவாக முதல் வாரத்தில் ராணிக்கெட் மருந்தைக் கண்ணில் சொட்டுவார்கள். இரண்டாம் வாரத்தில் கம்போரோ மருந்து குடிநீரில். முந்தினால் தாயின் எதிர்ப்பொருளே மருந்திலுள்ள வைரஸைத் தின்றுவிடும். பிந்தினால் நோய் முந்திக்கொள்ளும். மருந்து கலக்கும் தண்ணீரில் குளோரின் இருந்தால் காசு வீண். அதனால் கிணற்று நீரில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து, குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் தாகத்தோடு வைத்திருந்து, பிறகு வைக்கிறார்கள். ஓரிரு மணி நேரத்தில் மொத்தமும் குடித்துத் தீர வேண்டும்.

இந்தக் கவனத்துக்கு ஈடாக எந்த மருந்துப் பாட்டிலும் இல்லை என்பது என் எண்ணம். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அளவுமீறிக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாதான் மிஞ்சும். கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019இல் தடை விதித்தது இதனால்தான்.

வீட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ராணிக்கெட் என்கிற கோழிக்கழிச்சலுக்கான தடுப்பூசி முகாம் எப்போது என்று பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுவையுங்கள்.