இணையம் அறுந்தாலும் விளக்கு எரிய வேண்டும்

'திறன் வீடு' என்றதும் கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. நான் பேச வந்ததோ சபாக் பெர்ணம் மாவட்டம், சுங்கை ஆயர் தாவாரில் என் பெரியம்மா குடியிருக்கும் வீட்டைப் பற்றி. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் இருக்கிறார்கள். குளியலறைக்குப் பின்கட்டில் இரண்டு படி இறங்கிப் போகவேண்டும்.

அண்ணன் ஆசையாக விளக்குகளை மாற்றிக் கொடுத்தார். கட்டிலருகே கம்பியில்லாச் சுவிட்சு, படியருகே ஆள் நடமாட்டத்தை அறியும் உணர்கருவி. சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. ஒரு விடியற்காலை, சுமத்ராப் பக்கமிருந்து நம் மேற்குக் கரைக்கு வரும் அந்த இடிமழையில் இணைய மோடமும் மையக் கருவியும் செயலிழந்தன. மின்சாரம் இருந்தது, பல்பிலும் கோளாறில்லை. ஆனாலும் சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரியவில்லை. பெரியம்மா இருட்டில் படி தவறி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு விரிசல்.

காரணம் இதுதான். நாம் அழுத்தும் சுவிட்சு பல்போடு பேசுவதில்லை. மையக் கருவியிடம் சொல்கிறது; அது பல்புக்குக் கட்டளை அனுப்புகிறது. சில வகைகளில் செய்தி வெளிநாட்டுக் கணினிவரை போய்த் திரும்புகிறது. பக்கத்து அறை விளக்குக்கு இத்தனை பெரிய பயணம்! நடுவில் ஒன்று அறுந்தால் எல்லாம் நின்றுவிடும்.

அண்ணன் வாங்கியவை 'ஸிக்பீ' வகைக் கருவிகள். தேனீ தன் கூட்டத்துக்குத் தகவல் சொல்ல ஆடும் நடனத்தை ஒட்டி வந்த பெயர் இது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், மிகக் குறைந்த மின்சக்தியில் இயங்குகிறது. இதில் 'நேரடிப் பிணைப்பு' என்றொரு வசதி முதலிலிருந்தே உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. எந்தப் பல்புக்கு என்ன கட்டளை என்பதைச் சுவிட்சே தன் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதன்பின் மையக் கருவி உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. மின்சாரத்தில் இயங்கும் மற்ற பல்புகள் செய்தியைக் கைமாற்றிவிடும்.

பல விளக்குகள் என்றால் 'குழு' அமைக்கலாம். குழு எண் ஒவ்வொரு பல்பிலும் பதிவாகிறது. சுவிட்சு ஒரே ஒரு கட்டளையை அனுப்பினால், அந்த எண்ணுக்குரியவை ஒன்றாக எரியும். குழு இல்லாமல் தனித்தனியாகக் கட்டளை போனால், திருவிழாச் சர விளக்குபோல் ஒன்றன்பின் ஒன்றாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

வாங்குமுன் கேட்கவேண்டியது ஒன்று. எல்லா உணர்கருவிகளும் இதற்கு உதவா. சில, 'எரி' என்ற கட்டளையையே அனுப்புகின்றன. வேறு சில, 'ஆள் இருக்கிறார்' என்று தகவல் மட்டும் சொல்கின்றன. அதை வைத்து என்ன செய்வதென்று பல்புக்குத் தெரியாது. பல நிறுவனங்களின் கைத்தொலைபேசிச் செயலிகளில் பிணைப்புக்கு இடமே இருக்காது. ஹோம் அசிஸ்டண்ட் போன்ற திறந்த மென்பொருளில் உண்டு. 2022 அக்டோபரில் வெளிவந்த 'மேட்டர்' என்ற புதிய தரத்திலும் பிணைப்பும் குழுவும் இடம்பெற்றுள்ளன.

புதிய மையக் கருவி வந்தபின் அண்ணன் எல்லாவற்றையும் மீண்டும் சேர்த்துப் பிணைத்தார். பேட்டரிச் சுவிட்சு தூங்கும் குணமுடையது. பிணைக்கும்போது அதை அழுத்தி எழுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். தெரியாமல் அரைநாள் திட்டித் தீர்த்தார். பிறகு மையக் கருவியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சை அழுத்தினார். பின்கட்டு விளக்குகள் மூன்றும் ஒன்றாக எரிந்தன. உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

பழைய சுவர்ச் சுவிட்சை அணைத்தால் பல்புக்கு மின்சாரமே போகாது, பிணைப்பும் பயன்படாது. அதனால் அதன்மேல் டேப் ஒட்டியிருக்கிறது. பெரியம்மா அதைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்யா, சுவத்துல இருந்தது நல்லாத்தானே எரிஞ்சுது?" அண்ணன் பதில் சொல்லவில்லை. மின்சாரமே தடைப்படும் இரவுக்கு, தலையணைப் பக்கத்தில் ஒரு டார்ச்லைட் வைத்திருக்கிறார் பெரியம்மா.