ஓய்வு பெறும் வயதை உயர்த்துதல்: நீதியும் நிதியும்

2020-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் தமிழ்நாடு அரசு, தன் ஊழியர்களும் ஆசிரியர்களும் ஓய்வு பெறும் வயதை 58-இலிருந்து 59 ஆக உயர்த்தி ஆணை பிறப்பித்தது. 2021 பிப்ரவரி 25-ஆம் நாள், அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவ்வயது 60 ஆகும் எனச் சட்டப்பேரவையில் அறிவித்தார். பத்து மாதத்திற்குள் இரண்டு ஆண்டுகள் கூடின. நம் சபைகளில் ஆசிரியர் குடும்பங்களும் அரசு ஊழியர் குடும்பங்களும் மிகுதி. ஆதலின் இச்செய்தி பல வீடுகளில் மகிழ்ச்சியையும் கலக்கத்தையும் ஒருங்கே கொண்டுவந்தது. தந்தைக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் கிடைத்தது. அதே வீட்டில் தேர்வெழுதிக் காத்திருந்த மகனுக்கு இரண்டு ஆண்டுக் காத்திருப்பு கிடைத்தது. இது நீதியானதா, நாட்டின் நிதி இதைத் தாங்குமா என்னும் இரு கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றோடொன்று குழப்பிப் பேசப்படுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க முயல்வோம்.

முதலாவது, மேலைநாடுகளில் நடக்கும் விவாதத்தை நாம் அப்படியே இங்கு எடுத்துவந்து பேசுவது பெரும் பிழைக்கு இடந்தருகிறது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1889-இல், முதியோர் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது அதற்குரிய வயது 70 என வைக்கப்பட்டது. 1916-இல்தான் அது 65 ஆகக் குறைந்தது. பிரிட்டன் 1908-இல் சட்டம் இயற்றி, 1909 ஜனவரி முதல் 70 வயது கடந்த ஏழை முதியோருக்கு வாரந்தோறும் 5 ஷில்லிங் வரை அளிக்கத் தொடங்கியது. அந்நாட்டில் பின்னர் 66 ஆக இருந்த வயது, 2026 ஏப்ரலுக்கும் 2028 மார்ச்சுக்கும் இடையே படிப்படியாக 67 ஆகும்படி சட்டம் உள்ளது. அங்கே பேசப்படுவது அரசிடமிருந்து ஓய்வூதியம் பெறத் தகுதியாகும் வயது. அவ்வயது கூடினால், அந்த ஓராண்டுக்கு அரசு ஓய்வூதியம் கொடுக்கவேண்டியதில்லை. அம்மனிதர் வேலை செய்தால் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு தனியார் முதலாளி. அரசுக்கு வரியும் வருகிறது. ஆகவே அங்கே அரசுக்கு மிச்சம் உண்டு என்பது ஐயமற்றது. அந்த மிச்சம் யாருடைய தோளின்மேல் ஏற்றப்படுகிறது என்பதே அங்கு வழக்கு.

தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்டதோ பணியை விட்டு நீங்கும் வயது. இங்கே ஓய்வூதியம் கொடுப்பவரும் அரசே, சம்பளம் கொடுப்பவரும் அரசே. ஓய்வூதியத்தை நிறுத்திவைத்து அரசு மிச்சப்படுத்தும் அதே மாதத்தில் அதைவிடப் பெரிய தொகையைச் சம்பளமாகக் கொடுக்கிறது.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒருவர் அகவிலைப்படி உட்பட மாதம் 90,000 ரூபாய் பெறுகிறார். பழைய முறையில் ஓய்வு பெற்றால் அவருக்கு ஓய்வூதியம் ஏறத்தாழப் பாதி, 45,000. அவர் நீங்கியதால் ஏற்படும் தொடர் பதவியுயர்வுகளின் முடிவில் கீழ்நிலையில் புதிதாக ஒருவர் 30,000 ரூபாயில் சேருகிறார் எனக் கொள்வோம். இருவருக்கும் சேர்த்து 75,000. மூத்தவர் பணியில் நீடித்தால் 90,000. அதாவது மாதம் 15,000 ரூபாய் கூடுதல் செலவு. இரண்டு ஆண்டுக்கு 3,60,000. இடையே அவர் இரண்டு ஊதிய உயர்வுகள் பெறுவார். அவற்றின் பயன் அவருடைய ஓய்வூதியத்திலும் ஏறி வாழ்நாள் முழுவதும் தொடரும். இந்தியாவில் 60 வயதை எட்டியவர் சராசரியாக இன்னும் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்கிறார் என்பதை நினைவிற்கொண்டால், அச்சிறு உயர்வும் சிறியதன்று. காலியிடத்தை நிரப்பாமலே விட்டுவிட்டால் அரசுக்கு 45,000 மட்டுமே செலவு என்பதும் உண்மை. ஆனால் அப்போது பள்ளியில் ஆசிரியர் இல்லை, மருத்துவமனையில் செவிலியர் இல்லை. அதைச் சிக்கனம் என்று நாம் அழைக்கலாகாது.

அப்படியானால் அரசு ஏன் இதைச் செய்தது? மாதச் செலவில் விடை இல்லை. ஓய்வு பெறும் நாளில் கொடுக்கவேண்டிய மொத்தத் தொகையில்தான் விடை இருக்கிறது. அன்று ஓய்வு பெறும் ஊழியருக்குப் பணிக்கொடை அதிகபட்சம் 20 இலட்சம் ரூபாய் வரை உண்டு. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டித் தொகுத்துப் பெறும் உரிமை உண்டு. சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பில் 240 நாட்கள் வரை பணமாகும். மூத்த ஊழியர் ஒருவருக்கு இவை எல்லாம் சேர்ந்து முப்பது, நாற்பது இலட்சத்தை எட்டுவது அரிதன்று. 2020 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா முடக்கத்தால் அரசின் வருவாய் சரிந்திருந்தது. அகவிலைப்படி உயர்வை 2021 ஜூன் வரை நிறுத்திவைத்தும், விடுப்பைப் பணமாக்கும் சலுகையை ஓராண்டு நிறுத்தியும் அரசு ஆணையிட்டதும் அதே ஏப்ரலில்தான். அந்த வேளையில் ஆயிரக்கணக்கானோர் ஓய்வு பெறுவதைத் தள்ளிவைத்தால் பெருந்தொகை கையில் நிற்கும். 2020 மே மாத இறுதியில் ஓய்வு பெறவேண்டியவர் 2021 மே மாதத்தில் 59 ஆனார். அதற்குள் அது 60 ஆகிவிட்டபடியால் 2022 மே வரை பணியில் இருந்தார். ஆக, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு வயது முதிர்வால் ஓய்வு என்பதே மாநிலத்தில் நின்றுபோயிற்று.

இதை நாம் கடன் என்றே கருதுகிறோம். கொடுக்கவேண்டியதைக் கொடாமல் இரண்டு ஆண்டு வைத்திருந்து, பின்பு சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது கடன்தானே. வட்டி மிச்சமாகிறது என்பது மெய். மேலே கண்ட கணக்கில் 30 இலட்சத்துக்கு நூற்றுக்கு 7 வீதம் இரண்டு ஆண்டு வட்டி 4,20,000. சம்பளமாகக் கூடிய 3,60,000-ஐயும் வாழ்நாள் ஓய்வூதியத்தில் ஏறிய உயர்வையும் எதிரே வைத்தால் இலாபம் எங்கும் தென்படவில்லை. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடன் 5 இலட்சத்து 70 ஆயிரம் கோடி ரூபாய் என்றது. ஓய்வூதியப் பாக்கி எதுவும் அதில் ஒத்திவைப்பால் கரைந்துவிடவில்லை. நெருக்கடியில் கடன் வாங்குவது குற்றமன்று. எனினும் கடனைச் சீர்திருத்தம் என்று பெயரிட்டு அழைக்கும்போது, அண்டை மாநிலங்களும் அதே வழியில் செல்கின்றன. தெலங்கானா 2021-இல் 61 ஆக்கியது. ஆந்திரம் 2022-இல் 62 ஆக்கியது.

இக்கடனை அரசுக்குத் தந்தவர் யார்? ஓய்வு பெறவேண்டிய மூத்த ஊழியர் தந்தார் என்று சொல்ல முடியாது. அவருக்கு இடையே முழுச் சம்பளம் வந்தது. வரிசையில் நின்ற இளைஞர்தாம் தந்தார். பொருளியலார் இவ்விடத்தில் ஒரு மறுப்புக் கூறுவர்: ஒரு நாட்டில் வேலைகளின் எண்ணிக்கை நிலையானதன்று, முதியவர் உழைத்து ஈட்டிச் செலவிடுவதால் வேறு வேலைகள் பிறக்கும், ஆகவே முதியவர் இளைஞரின் வேலையைப் பறிக்கிறார் என்பது மயக்கம் என்பர். பரந்த சந்தையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது பெரிதும் சரி. அரசுப் பணியில் அது பொருந்தாது. ஏனெனில் இங்கே பணியிடங்கள் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒருவர் எழுந்தால்தான் மற்றொருவர் அமரலாம். 2022 ஜூலையில் நடந்த தொகுதி நான்கு தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,000-க்குச் சற்று மேல். விண்ணப்பித்தவரோ 20 இலட்சத்திற்கும் மேல். அதற்கு முன், 2021 செப்டம்பரில், தேர்வுகள் தாமதமானதை ஒப்புக்கொண்ட அரசு, பணியில் சேரும் உச்ச வயதையும் இரண்டு ஆண்டு உயர்த்தியது. மூத்தவருக்குச் சம்பளத்தோடு இரண்டு ஆண்டு, இளையவருக்குச் சம்பளமின்றிக் காத்திருக்க இரண்டு ஆண்டு! கேரளத்தில் 2022-இல் பொதுத்துறை நிறுவனங்களில் வயதை 60 ஆக உயர்த்திய ஆணையை, இளைஞர் எதிர்ப்பின் காரணமாகச் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தனர்.

கோடு கிழித்த முறையிலும் அநீதி உண்டு. 1962 ஏப்ரல் 20-இல் பிறந்தவர் 2020 ஏப்ரல் இறுதியில் ஓய்வு பெற்றார். மே 20-இல் பிறந்தவர் 2022 மே இறுதிவரை பணியாற்றினார். ஒரு மாத வேறுபாட்டிற்கு இரண்டு ஆண்டுச் சம்பளம். அக்காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தாமே ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொண்டது எத்தனை பேருக்கு என்பதை நம் வாசகர் அறிவர்!

உடலுழைப்பின் வேறுபாடு இவ்விவாதத்தில் ஏறக்குறையப் பேசப்படவே இல்லை. நமக்குக் கவலை அளிப்பது இதுவே. எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தில் லேவியர் 50 வயதில் கடின ஊழியத்தினின்று நீங்கவேண்டும் என்றும், அதன்பின் தம் சகோதரருக்குத் துணையாகக் காவல் பணி செய்யலாம் என்றும் ஒழுங்கு காண்கிறோம். 4-ஆம், 7-ஆம் அதிகாரங்களைச் சேர்த்துப் படித்தால் காரணம் விளங்கும். கெர்சோன், மெராரி புத்திரருக்கு வண்டிகள் கொடுக்கப்பட்டன. கோகாத் புத்திரரோ தோளிலேயே சுமக்கவேண்டியிருந்தது. பின்னாளில், 1 நாளாகமம் 23-இல், ஆசரிப்புக் கூடாரத்தை இனிச் சுமக்கத் தேவையில்லை என்று தாவீது சொன்னபோது பணியில் சேரும் வயது 20 ஆகக் குறைகிறது. 50 என்னும் மேல்வரம்பு அங்கே குறிப்பிடப்படவில்லை. சுமை மாறியது, வயதும் மாறியது. இப்பகுதியிலிருந்து இக்காலத்துக்குச் சட்டம் எடுக்க நாம் முயலவில்லை. ஆயினும் வயதை வேலையின் பாரத்தோடு சேர்த்து எண்ணிய அறிவு அங்கே இருக்கிறது. எழுத்தருக்கும் இரவுப் பணி செவிலியருக்கும் ஒரே எண்ணை எழுதிய ஆணையில் அது இல்லை.

இவற்றுக்கெல்லாம் வெளியே நிற்பவர் ஒருவர் உண்டு. வயலிலும் செங்கல் சூளையிலும் உழைப்பவருக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. உடல் நின்றுபோகும் நாளே அவருடைய ஓய்வு. அவருக்கென உள்ளது முதியோர் உதவித்தொகை. மத்திய அரசு அதற்கான தகுதி வயதை 2011-இல் 65-இலிருந்து 60 ஆகக் குறைத்தது. 79 வயது வரை தன் பங்கை மாதம் 200 ரூபாய் என வைத்தது. தமிழ்நாட்டில் மாநிலப் பங்கோடு கிடைத்துவந்த 1,000 ரூபாய், 2023-இல் 1,200 ஆயிற்று. ஆதரவற்ற விதவையைச் சபையின் பட்டியலில் சேர்க்க 1 தீமோத்தேயு 5 வைக்கும் வயதும் 60 என்பது குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ ஒரே வயதில் ஒருவருக்கு 45,000, மற்றவருக்கு 1,200 என்றிருக்கும் நாட்டில், ‘நிதி தாங்குமா?’ என்னும் கேள்வியை முதலாமவருக்கு மட்டும் அடக்கிக் கேட்பது முறையன்று.

60 என்னும் வயது தன்னளவில் அதிகமன்று என்பதே நம் முடிவு. மத்திய அரசு ஊழியருக்கு அது 1998 முதல் உண்டு. குறை கூறத்தக்கது அதைச் செய்த விதம். ஆண்டுக்கு மூன்று மாதமாக எட்டு ஆண்டுகளில் உயர்த்தியிருக்கலாம். அப்போது ஓய்வும் நியமனமும் முற்றாக நின்றிருக்கமாட்டா, ஏப்ரலில் பிறந்தவர் ஏமாந்திருக்கவுமாட்டார். கடின உழைப்புப் பணிகளில் 58-இலேயே முழு ஓய்வூதியத்தோடு விலகும் உரிமையை விட்டுவைத்திருக்கலாம். இனி எந்த அரசேனும் 62 என்று பேசத் தொடங்குமாயின், நம் சபைகளின் ஊழியர் சங்கத்தாரும் வாலிபர் சங்கத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து மேற்கண்ட கணக்கைத் தங்கள் எண்களை இட்டுப் போட்டுப் பார்ப்பது நலம். அந்த மேசைக்கு முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு தாயையும் அழைக்கவேண்டும். அவ்விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தவர் பெரும்பாலும் அச்சபையின் ஆயராகவே இருப்பார்.